மகளின் அலமாரியில் ஒரு பல்லி

ஏர்கான் வேலை பார்க்கிறவனுக்குப் பல்லி ஒரு தொல்லை. "மெஷின் ஓடல, வாங்க" என்று போன் வரும். போய், வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் கம்ப்ரஸரின் மூடியைக் கழற்றி மின்போர்டைப் பார்த்தால், இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தானும் செத்து, போர்டையும் கெடுத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்து டிஷ்யூவில் சுற்றிப் போட்டுவிட்டு, புதுப் போர்டுக்கு என்ன விலை ஆகும் என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில்தான் இது அதிகம். பழைய சுவர், ஓட்டுக்கூரை, கீழே சாப்பாட்டுக் கடை, இரவெல்லாம் எரியும் விளக்கைச் சுற்றிப் பூச்சி. பல்லிக்கு வேறென்ன வேண்டும்?

ஒருமுறை புடவைக்கடைக்காரர் ஒருவர் கேட்டார், "அது ஏன்யா அங்க போய்ச் சாவுது?" "சூட்டுக்கு வருதுண்ணே" என்றேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் பல்லியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரும்புப் பெட்டிக்குள் சூடு இருக்கிறது என்று வெளியே சுவரில் இருக்கும் பல்லிக்கு எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எங்கள் வீடு பொங்கோலில். மூன்று பேர். மனைவி பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். சின்ன வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், உயர்நிலைப்பள்ளி முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சண்டை எதுவும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். அடுத்த அறையில் இருக்கிறவளிடம் "தோசை சூடா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சொல்லும் நிலைக்கு நாங்களும் பழகிவிட்டோம்.

வீட்டு ஏர்கான்களை நானே சுத்தம் செய்வேன். அவள் அறைக்குப் போகும்போதெல்லாம், "என் ரூம் வேணாம்பா, நான்தான் ஏர்கான் போடறதே இல்லையே" என்று சொல்லிவிடுவாள். உண்மைதான், அவள் போடுவதே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளை ஏர்கான் இல்லாமல் தூங்குகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அந்த அறையிலிருந்து அவ்வப்போது சிள்வண்டுச் சத்தம் கேட்கும். கீழே இருக்கும் புல்வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். பன்னிரண்டாம் மாடிக்குப் புல்வெளிச் சிள்வண்டு எப்படிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் கடைத்தொகுதியில் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாள். கூடத்தின் மேல்மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏர்கான் தண்ணீர் போகும் குழாய் அவள் அறை வழியாகத்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏணியைச் சாய்க்கும்போது தடுமாறி, அலமாரிக் கதவில் உள்ளங்கையை ஊன்றினேன்.

கதவு வெதுவெதுப்பாக இருந்தது.

குளிரையும் சூட்டையும் வைத்துப் பிழைக்கிறவன் நான். மழை பெய்யும் நாளில் மரக்கதவு அப்படி இருக்கக்கூடாது. போன் சார்ஜர், பவர்பேங்க், ஏதாவது உப்பி எரியப்போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. வேகமாகத் திறந்தேன். துணிகளெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தன. கீழ்த்தட்டில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதன் அடியில் கறுப்பாக ஒரு மெத்தை மாதிரி. அதிலிருந்து ஒரு ஒயர் அலமாரியின் பின்பலகையிலிருந்த துளை வழியே பிளக்குக்குப் போயிற்று. பெட்டிக்குள் தட்டைக் கல், தண்ணீர் வைத்த மூடி, கவிழ்த்து வைத்த பாதிக் கொட்டாங்கச்சி. அதன் அடியிலிருந்து ஒரு தலை மெதுவாக வெளியே வந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கட்டைவிரல் கனத்துக்கு ஒரு வால். என்னைப் பார்த்தது. பிறகு கண்ணைச் சிமிட்டியது.

வீட்டுப் பல்லி கண் சிமிட்டி நான் பார்த்ததில்லை. மனிதர் பார்ப்பது போலவே இருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து நான் செய்தது பிளக்கைப் பிடுங்கியதுதான். கதவை மூடிவிட்டு, சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளியை வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து மகளுக்காகக் காத்திருந்தேன்.

மாலையில் வந்தாள். அறைக்குள் போனவள் உடனே வெளியே வந்தாள். நான் அவளைக் கேட்பதற்கு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"பிளக்க எப்பப்பா புடுங்கினீங்க?"

"காலையில. அது என்னம்மா அது?"

"காலையிலயா? ஐயோ அப்பா!" திரும்பி ஓடினாள்.

நானும் பின்னால் போனேன். தரையில் மண்டியிட்டுப் பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பிளக்கை மாட்டினாள்.

"இதுக்கு உடம்புக்குள்ள சொந்தமா சூடு கிடையாதுப்பா. கீழேருந்து வயித்துக்குச் சூடு வந்தாதான் சாப்பிட்டது செரிக்கும். நேத்துதான் சாப்பாடு போட்டேன்."

"இதெல்லாம் இங்க வளக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதுனாலதான் அலமாரியில வச்சேன்."

கோபம் வந்தது. அந்தப் பதிலில் ஒளிவு எதுவும் இல்லாததால் கோபத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கூடப் படிக்கும் ஒருவன் யாரிடமோ வாங்கி வைத்திருந்தான். அவன் வீட்டில் கண்டுபிடித்துவிட, கால்வாயில் விட்டுவிடப் போவதாகச் சொன்னான். இது பாறையும் மணலுமாக இருக்கும் நாட்டுப் பல்லி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம். லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். கால்வாயில் விட்டால் அன்றைக்கே முடிந்துவிடும். அதனால் இவள் வாங்கி வந்துவிட்டாள். ஏறக்குறைய ஒரு வருடம். பறவைக் கடையில் பறவைக்குப் போடுவதற்கென்று விற்கும் சிள்வண்டுகளை வாங்கி வந்து போட்டிருக்கிறாள். அதற்குப் பெயரும் வைத்திருந்தாள். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, அந்தப் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள்.

மனைவி வந்ததும் சொன்னேன். அவள் அறை வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"நாளைக்கே அதிகாரிங்களுக்குப் போன் பண்ணி ஒப்படைங்க. இதெல்லாம் எனக்கு ஒத்துவராது."

"பண்றேன்" என்றேன்.

மறுநாள் போன் செய்யவில்லை. காரணம், பல்லி சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. சிள்வண்டு அதன் மூக்குக்கு முன்னால் நடந்து போயிற்று. அது கண்ணை மூடிக்கொண்டு கொட்டாங்கச்சிக்குள் போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கியதாலா, திடீரென்று கதவைத் திறந்து நான் பயமுறுத்தியதாலா என்று மகளைக் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்ப்பா" என்றாள். என் மனசுக்காகப் பொய் சொல்லவில்லை.

"சாப்பிடறவரைக்கும் இருக்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வேலைக்கு எடுத்துப் போகும் சூடு பார்க்கும் கருவியை எடுத்துவந்து பெட்டியின் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். அந்த மெத்தை ஒழுங்காக இல்லை. ஒரு மூலை மிகவும் சூடு, நடுவில் ஒன்றுமே இல்லை. புதிதாக ஒன்று வாங்கி, சூடு ஏறினால் தானாக நின்றுவிடும்படி ஒரு தெர்மோஸ்டாட்டை இணைத்தேன். ஒரு பாதி வெதுவெதுப்பு, மறுபாதி குளுமை. வேண்டுமென்கிற இடத்தில் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று. அறைகளைக் குளிரவைத்தே பழகிய கைக்கு இது புது வேலை. முடித்தபோது பல்லி வெளியே வந்து, சூடான பாதியில் நான்கு காலையும் பரப்பி வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொண்டது. மகள் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு அவள் அறைத் தரையில் போய் உட்காருவது வழக்கமாயிற்று. முதல் நாள் பெட்டிக்குள் கையை விட்டேன். பல்லி விருட்டென்று பின்வாங்கியது.

"மேலேருந்து வராதீங்கப்பா. மேலேருந்து வர்றது எல்லாமே அதுக்குப் பருந்து மாதிரி. முன்னாடி, கீழ வைங்க. அப்படியே விட்டுடுங்க. அது வரட்டும்."

உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தேன். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு அடி எடுத்து வைத்தது. இளஞ்சிவப்பு நாக்கு ஒன்று வெளியே வந்து என் விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. உடனே தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"நக்கிப் பாத்துட்டுப் பிடிக்கலன்னு போகுது" என்றேன்.

"நக்கல. மோந்து பாக்குது. மூக்கு இருக்கு, ஆனா நாக்காலயும் வாசனைய எடுக்கும். எடுத்து வாய்க்கு மேல, அண்ணத்துல ஒரு இடம் இருக்கு, அங்க கொண்டுபோய் வைக்கும். அங்கதான் இது யாரு, சாப்பாடா, எதிரியா, எல்லாம் தெரியும். நீங்க இன்னிக்குக் கெமிக்கல் வாஷ் பண்ணீங்களா?"

காலையில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று மெஷின்களை மருந்து ஊற்றிக் கழுவியிருந்தேன். குளித்திருந்தேன், சோப்புப் போட்டிருந்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவிக்கும் தெரிந்திருக்காது. ஒரு சாண் நீளமுள்ள அந்தப் பிராணிக்கு என் காலை முழுவதும் தெரிந்திருக்கிறது.

இன்னொரு நாள் அவள் போனின் விளக்கைப் போட்டு, பல்லியின் தலைக்கு ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "இந்தப் பக்கமா குனிஞ்சு பாருங்க" என்றாள். குனிந்தேன். காது இருக்கும் இடத்தில் சின்ன ஓட்டை. அதற்குள் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. அந்தக் காதில் போன வெளிச்சம் இந்தக் காது வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றேன்.

"இருக்குப்பா! மூளை அதுக்கு மேல. ரெண்டு காதுக்கும் நடுவுல காத்து போற வழி. ஒரு பக்கம் வர்ற சத்தம் மறுபக்கமும் போகும். அதை வச்சுத்தான் சத்தம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்குது. நமக்குத் தலை பெரிசு, ரெண்டு காதும் தள்ளி இருக்கு, நமக்கு ஈஸி. இதுக்கு எவ்வளவு சின்னத் தலை பாருங்க."

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும்" என்றாள். அவள் படிப்பது கணக்கியல். அந்தப் பாடத்தைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் அவள் பேசி நான் கேட்டதில்லை. அதை அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் நாற்காலியைப் பிடித்து எழும்போது அது தரையில் இழுபட்டது. பல்லி சட்டென்று உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டது. "காத்துல வர்ற சத்தத்த விட இதுதான் அதுக்குப் பயம்" என்றாள் மகள். "தரை அதிர்ந்தா கால், தாடை எல்லாத்துலயும் தெரியும். நீங்க லிஃப்டுலேருந்து வந்து ஷூ கழட்டி வைக்கறீங்கள்ல, அதுவே தெரியும். தலையத் தூக்கும். நான் அதைப் பாத்துட்டுத்தான் நீங்க வந்துட்டீங்கன்னு அலமாரிய மூடுவேன்."

அப்படியானால் ஒரு வருடமாக நான் வீட்டுக்கு வருவதை அந்தப் பல்லிதான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவள் பெட்டி மூடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நீங்க கதவத் தட்டறதும் திறக்கறதும் ஒண்ணாவே நடக்கும்ப்பா. நான் 'ம்' சொல்றதுக்குள்ள உள்ள நிப்பீங்க. அம்மாவும் அப்படித்தான். தப்புன்னு சொல்லல. ஆனா எதையாவது சொல்லணும்னு நான் நினைக்கறதுக்குள்ள நீங்க கேட்டு முடிச்சிடுவீங்க."

குறையாகச் சொல்லவில்லை. பல்லியைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். நான் "சரிம்மா" என்றேன்.

அந்த வாரம் தேக்கா பக்கம் ஒரு நகைக்கடையில் வேலை. அறைக்குள் மாட்டியிருக்கும் ஃபேன் காயில் பெட்டியைத் திறந்தால் உள்ளே உயிரோடு ஒரு பல்லி. கடைக்காரர் நாற்காலியில் ஏறிக்கொண்டார். "அடிங்க லா! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணையே ஒரு துடைப்புத் துடைத்துக்கொண்டது.

"கண்ண நக்குதுண்ணே" என்றேன்.

"என்னது?"

"இந்த ஜாதிக்கு இமை கிடையாது. தூசி விழுந்தா நாக்காலதான் தொடச்சுக்கணும்."

ஏர்கான் கேஸ் என் தலைக்கு ஏறிவிட்டது என்பது போல அவர் பார்த்தார். ஒரு அட்டைத்துண்டை அதன் முன்னால் தாழ்வாக நீட்டினேன். அது ஏறியது. ஜன்னல் வழியே வெளிச்சுவரில் விட்டேன். அடுத்த கம்ப்ரஸருக்குள்தான் போய்ச் சேரும் என்று தெரியும். இருந்தாலும் விட்டேன்.

வீட்டில் பல்லி சாப்பிட்ட மாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகள் ஒரு சிள்வண்டை விட்டாள். பல்லியின் தலை திரும்பியது. வால் நுனி மட்டும் தனியாக ஆடியது, பூனைக்கு ஆடுமே, அது மாதிரி. ஒரே பாய்ச்சல். பிறகு சப்புக்கொட்டியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்.

கூடத்திலிருந்து மனைவியின் குரல். "என்ன, சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு!"

"ம்" என்றாள். அதன் பிறகு என் கெடு முடிந்துவிட்டது. ஆனாலும் நான் போன் செய்யவில்லை. இன்றைக்கு வேலை அதிகம், நாளைக்கு விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போனேன். இதில் வேடிக்கை, மனைவியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளையின் பெயர் எங்காவது பதிவாகிவிடும் என்ற பயம் அவளுக்குப் பிடித்துக்கொண்டது.

முடிவு மகளிடமிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிறு காலை, எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். கத்தரிச்செடிக்கு நட்டிருந்த குச்சியில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதோட உச்சந்தலையப் பாருங்க. நடுவுல சின்னதா ஒரு புள்ளி தெரியுதா? அதுவும் கண்ணுதான்ப்பா. அதால நம்ம மூஞ்சியப் பாக்க முடியாது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும். எவ்வளவு நேரம் வெயில்ல இருந்தோம்னு அதை வச்சுக் கணக்குப் போடுமாம்."

என் நிழல் அந்தக் குச்சியின் மேல் விழுந்ததோ இல்லையோ, ஓணான் செடிக்குள் மறைந்துவிட்டது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஓணான் இருந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுல இருக்கறதுக்கு அந்தப் புள்ளி கிடையாது. ஆனா அதோட கண்ணு எப்படித் தெரியுமா? நமக்கு எல்லாமே கறுப்பா தெரியற இருட்டுல கூட அதுக்குக் கலர் தெரியும். நிலா வெளிச்சத்துல பாறை என்ன கலர், பூச்சி என்ன கலர்னு பாக்கறதுக்குன்னே வந்த கண்ணு. அதை நான் அலமாரிக்குள்ள வச்சிருக்கேன். என் பழைய பள்ளிக்கூட யூனிஃபார்முக்குக் கீழ. அங்க அது என்னப்பா பாக்கும்?"

நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். நீ எடுத்துவராவிட்டால் அது கால்வாயில் செத்திருக்கும் என்பது மாதிரி. அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

"நானே போன் பண்றேன்" என்றாள்.

வீட்டில் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபைன் போட்டா? பாலிடெக்னிக்குக்குத் தெரிஞ்சா? நாளைக்கு வேலைக்குப் போகும்போது கேட்டா? பேசாம கீழ தோட்டத்துல விட்டுடுவோம், யாருக்குத் தெரியப்போகுது?"

"மா, இந்த மழையில அது தாங்காதுமா. தாங்கினா இன்னும் மோசம், இங்க இருக்கற சின்னப் பல்லியையெல்லாம் தின்னுடும்."

"அப்ப அப்பா பேர்ல குடு. அவர் வச்சிருந்தார்னு சொல்லு."

"நான்தானே வச்சிருந்தேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள். "அவ சொல்லட்டும். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றேன். மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

மகள் போன் செய்த பிறகு, விலங்குகளைக் கவனிக்கும் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வயதான ஒரு மலாய்க்காரர், கூட ஓர் இளம் சீனப்பெண். மகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். மலாய்க்காரர் தரையில் குந்தி, பெட்டிக்குள் கையைத் தாழ்வாக நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரமே படவில்லை. நாக்கு வந்து தொட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவே ஏறிக்கொண்டது. மகள் என் காதருகே, "அவருக்குத் தெரியும்ப்பா" என்றாள். அன்றைக்கு அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான்.

அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் தன் பழைய டீ ஷர்ட்டில் ஒரு துண்டை வைக்கலாமா என்று கேட்டாள். பழகிய வாசனை கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் என்று. அவர் வாங்கி மடித்து உள்ளே வைத்தார். அதுவரை வாசலைத் தாண்டாத மனைவி அப்போது உள்ளே வந்தாள். குனிந்து, மூடி போடுவதற்கு முன்னால், அந்தப் பல்லியை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா?" என்றாள்.

மகள் அன்றைக்கு அழவில்லை. அடுத்த நாள் மாலைதான். மிச்சமிருந்த சிள்வண்டுகள் டப்பாவுக்குள் கத்த ஆரம்பித்தன. காலியான அலமாரிக்கு முன்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கூடத்திலேயே இருந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் டப்பாவை எடுத்துக்கொண்டு, கீழ்மாடியில் பாட்டுக்குருவி வளர்க்கும் சீனத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சில வாரங்கள் மனைவிக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் போன் வந்தது. தானாக முன்வந்து ஒப்படைத்ததாலும், இதுதான் முதல்முறை என்பதாலும் எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார்கள். மகள் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அது சாப்பிடுகிறதா என்று கேட்டாள். சாப்பிடுகிறது, அதே இனத்தில் வேறு சில இருக்கும் இடத்தில் விட்டிருக்கிறோம் என்றார்கள். அது எந்த இடம் என்று சொல்லவில்லை. போய்ப் பார்க்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. அதை அவள் ஏற்றுக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. இப்போதும் கணக்கியல்தான் படிக்கிறாள். முடித்த பிறகு விலங்குகளோடு ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாக, நான் கேட்காமலே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். கூடத்து மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் மூன்று பேரும் பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போனோம். சதுப்புநிலத்தின் மேல் போட்டிருக்கும் மரப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது கீழே சேற்றில் ஓர் உடும்பு வந்தது. ஆள் நீளம் இருக்கும். இரண்டாகப் பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுத்தபடி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி நடந்தது. முன்பெல்லாம் என்றால் மனைவி இதற்குள் கார் நிறுத்துமிடத்துக்குப் போயிருப்பாள். அன்றைக்குக் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நாக்கு ஏன் ரெண்டா இருக்கு?" என்று மகளைக் கேட்டாள்.

"இடது பக்கம் எவ்வளவு வாசனை, வலது பக்கம் எவ்வளவு வாசனைன்னு தனித்தனியா எடுக்கத்தான்மா. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பும். பாருங்க, இப்ப இந்தப் பக்கம் திரும்பும்."

உடும்பு நின்றது. நாக்கை நீட்டியது. அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"அப்படி ஒண்ணும் திரும்பலையே" என்றாள் மனைவி.

"அதுக்கு வேற ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றாள் மகள்.

அவர்கள் இரண்டு பேரும் அது என்னவாக இருக்கும் என்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். தண்ணீரில் அதன் தலை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு வேர்களுக்கு இடையில் போய்விட்டது.